பெட்டியில் எழுதியிருக்கும் 40 ஓம் யாருடையது? மூவிங் காயிலுக்கு டிரான்ஸ்ஃபார்மர் பொருத்தும் கணக்கு

டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜ் (இசைத்தட்டில் ஓடும் ஊசியின் ஆட்டத்தை மின்னழுத்தமாக்கும் பாகம்) வைத்திருக்கும் ஒருவர், அதற்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே மின்னழுத்தத்தைப் பெருக்க வைத்திருந்த 1:20 டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 1:40 ஒன்றை மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் இரண்டு மடங்கு. ஒலியும் எகிறப் போகிறது என்று வால்யூமைக் குறைத்து வைத்துக்கொண்டுதான் ஊசியை இறக்குவார். எதுவும் எகிறாது. கூடுதலாகக் கிடைத்த மின்னழுத்தம் வெறும் 13 சதவீதம், அதாவது ஒரு டெசிபெல் சொச்சம். போதாக்குறைக்கு, முன்பு பளிச்சென்று கேட்ட ஜால்ரா இப்போது கொஞ்சம் மங்கலாகக் கேட்கும். டிரான்ஸ்ஃபார்மரில் பழுது ஒன்றும் இல்லை. 1:40 என்ற எண்ணை அவர் வால்யூம் குமிழ் போல நினைத்துவிட்டார், அவ்வளவுதான்.

இது ஏன் என்று புரிந்துவிட்டால், டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிகளின் மேல் அச்சடித்திருக்கும் '3 ஓம்', '40 ஓம்' போன்ற எழுத்துகளை எப்படிப் படிப்பது என்பதும் புரிந்துவிடும். குழப்பமெல்லாம் தொடங்குவது அந்த எழுத்துகளில்தான்.

முதலில் கார்ட்ரிட்ஜ். பெரும்பாலான டர்ன்டேபிள்களில் வருவது மூவிங் மேக்னெட் வகை. ஊசியோடு ஒரு குட்டிக் காந்தம் அசையும். சுருள்கள் அசையாமல் பக்கத்தில் நிற்கும். அசையாத சுருளுக்கு எடை ஒரு பொருட்டல்ல என்பதால் ஆயிரக்கணக்கில் கம்பியைச் சுற்றலாம்; 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை கிடைக்கும். மூவிங் காயிலில் இது தலைகீழ். காந்தம் நிற்கிறது, சுருள் கான்டிலீவரோடு, அதாவது ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டோடு, சேர்ந்து ஆடுகிறது. ஆடுகிற சுருள் கனமாக இருந்தால் ஊசி பள்ளத்தின் நுணுக்கமான வளைவுகளைத் தொடர முடியாது. ஆகவே மெல்லிய கம்பி, குறைந்த சுற்று. அதற்குக் கொடுக்கும் விலைதான் 0.2, 0.3 மில்லிவோல்ட் என்ற சொற்ப வெளியீடு. ஆம்ப்ளிஃபயரில் டர்ன்டேபிளை இணைக்கும் சாதாரண போனோ உள்ளீடு மூவிங் மேக்னெட்டை மனதில் வைத்துக் கட்டப்பட்டது: 47 கிலோ ஓம் இம்பிடன்ஸ் (மாறும் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை), சில மில்லிவோல்ட் எதிர்பார்ப்பு. பத்து இருபது மடங்கு இடைவெளியை யாராவது நிரப்ப வேண்டும். இன்று அதற்கு டிரான்சிஸ்டர் சுற்றுகள் தாராளமாக இருக்கின்றன. ஆனாலும் மின்சாரமே தேவைப்படாத, இரண்டு சுருளும் ஓர் உலோக உள்ளகமும் மட்டுமே கொண்ட டிரான்ஸ்ஃபார்மருக்கு மவுசு குறையவில்லை.

மூவிங் காயிலில் இரண்டு பழைய குடும்பங்களை நினைவில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிது. ஒன்று டென்மார்க்குடையது. ஆர்டோஃபான் நிறுவனத்தில் ராபர்ட் குட்மன்சன் வடிவமைத்து 1959-ல் வெளிவந்த எஸ்பியூ. அதன் சுருள் 2 ஓம் அளவே. வெளியீடு ஏறக்குறைய 0.2 மில்லிவோல்ட். மற்றொன்று ஜப்பானுடையது. டெனான் என்ற பெயரில் விற்ற நிப்பான் கொலம்பியா, ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயுடன் சேர்ந்து உருவாக்கி, 1964-லிருந்து ஒலிபரப்பு நிலையங்களில் ஓடிய டிஎல்-103. சுருள் 40 ஓம், வெளியீடு 0.3 மில்லிவோல்ட். இன்றும் கடையில் புதிதாகக் கிடைக்கிறது. அறுபது வருடமாகப் பெரிய மாற்றமில்லாமல் விற்கும் ஒலிக்கருவி வேறு எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை! இரண்டின் வெளியீட்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. சுருளின் ஓம் அளவிலோ இருபது மடங்கு வித்தியாசம். ஒன்றுக்குப் பொருந்தும் டிரான்ஸ்ஃபார்மர் மற்றதற்கு ஏன் பொருந்தாது என்பதற்கு விடை இந்த இருபது மடங்கில் இருக்கிறது.

டிரான்ஸ்ஃபார்மர் எதையும் படைப்பதில்லை. நெம்புகோல் மாதிரி, ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறது. கார்ட்ரிட்ஜ் இணையும் முதன்மைச் சுருளில் ஒரு சுற்றுக்கு, ஆம்ப்ளிஃபயர் பக்கத்துத் துணைச் சுருளில் 20 சுற்று என்றால் மின்னழுத்தம் 20 மடங்காகும், மின்னோட்டம் இருபதில் ஒன்றாகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மறுபக்கம் தொங்கும் சுமை, அதாவது ஆம்ப்ளிஃபயரின் உள்ளீடு, இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு 20 மடங்கு அல்ல, 20-இன் இருமடி, அதாவது 400 மடங்கு கடினமாகத் தெரியும். 47,000 ஓமை 400-ஆல் வகுத்தால் 117. ஆம்ப்ளிஃபயரின் முதுகில் '47 கிலோ ஓம்' என்று எழுதியிருக்கலாம். 1:20 டிரான்ஸ்ஃபார்மர் வழியாக எட்டிப் பார்க்கும் கார்ட்ரிட்ஜின் கண்ணுக்கு அது 117 ஓம்தான். இதே கணக்கில் 1:10 என்றால் 470 ஓம், 1:30 என்றால் 52, 1:40 என்றால் 29.

இப்போது டிஎல்-103-ஐ இவற்றோடு கோத்துப் பார்க்கலாம். கார்ட்ரிட்ஜின் 40 ஓமும் வெளியே தெரியும் சுமையும் 0.3 மில்லிவோல்ட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். சுமைக்குக் கிடைத்த பங்குதான் விகிதத்தால் பெருகும். 1:10-ல் 470 ஓமுக்கு எதிரே 40 ஓம் சிறிது, ஆகவே பெரும் பங்கு தப்பிக்கிறது: போனோ உள்ளீட்டுக்கு 2.8 மில்லிவோல்ட் போய்ச் சேரும். 1:20-ல் 4.5. 1:30-ல் 5.1. 1:40-ல்? அதே 5.1. விகிதம் கூடக்கூட, கார்ட்ரிட்ஜ் தன் சொந்தச் சுருளிலேயே இழப்பதும் கூடிக்கொண்டே போகிறது. சுமையும் சுருளும் சமமாகும் இடம் 1:34 அருகே. உச்சம் அங்கேதான், அதைத் தாண்டினால் மின்னழுத்தம் குறையவே தொடங்கும். இதையே சக்தியின் மொழியில் சொல்வதென்றால், 40 ஓம் சுருளில் எழும் 0.3 மில்லிவோல்ட்டிலிருந்து வெளியே எடுக்கக்கூடிய அதிகபட்சச் சக்தி ஒரு வாட்டின் ஏறக்குறைய 180 கோடியில் ஒரு பங்கு. எந்த டிரான்ஸ்ஃபார்மரைக் கொண்டுவந்தாலும் அதற்கு மேல் பிழிய முடியாது.

எஸ்பியூவின் 2 ஓமை அதே நான்கிலும் வைத்தால் கதை வேறு. 1:10-ல் 2 மில்லிவோல்ட், 1:20-ல் 3.9, 1:30-ல் 5.8, 1:40-ல் 7.5. இழப்பே இல்லாத மாதிரி ஏறிக்கொண்டே போகிறது. 2 ஓமுக்கு 29 ஓம் ஒரு பாரமே அல்ல. இந்த வகைச் சுருள்களுக்கு உயர் விகிதம் வேண்டும், ஒலியைப் பாழாக்காமல் தாங்கவும் செய்யும். ஆர்டோஃபான் ஒரு காலத்தில் எஸ்பியூவின் ஹெட்ஷெல்லுக்குள்ளேயே (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கூடு) குட்டி டிரான்ஸ்ஃபார்மரை அடைத்து எஸ்பியூ-ஜிடி என்று விற்றது. டோன் ஆர்மின் நுனியில் அவ்வளவு எடையைத் தூக்கிச் சுமக்க வைப்பது எனக்கு இன்றும் விசித்திரமாகத்தான் படுகிறது. ஆனால் கார்ட்ரிட்ஜும் டிரான்ஸ்ஃபார்மரும் ஒரே கையால் பொருத்தப்பட்டு வந்ததால், வாங்கியவர் இந்தக் கணக்கு எதையும் போட வேண்டியிருக்கவில்லை.

பெட்டி மேல் எழுதியிருப்பதற்கு வருவோம். டிஎல்-103-க்கென்றே டெனான் விற்ற ஏயூ-300எல்சி டிரான்ஸ்ஃபார்மரில் 40 ஓம் என்று இருக்கும். அதன் விகிதம் 1:10. அப்படியானால் கார்ட்ரிட்ஜ் பார்க்கும் சுமை 470 ஓம், 40 அல்ல. பெட்டி பொய் சொல்லவில்லை. 'சுருளில் 40 ஓம் உள்ள கார்ட்ரிட்ஜை இங்கே மாட்டு' என்று சொல்கிறது. டிரான்ஸ்ஃபார்மருக்கென்று சொந்தமாக ஓர் இம்பிடன்ஸ் கிடையாது. மறுபக்கம் இருப்பதை விகிதத்தின் இருமடியால் வகுத்துக் காட்டும் கண்ணாடி அது. இதை அறியாமல் '40 ஓம் கார்ட்ரிட்ஜுக்கு 40 ஓம் சுமை, சமத்துக்குச் சமம்' என்று கணக்குப் போட்டு 1:34-ஐத் தேடி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சமத்துக்குச் சமம் என்பது தந்திக் கம்பியிலும் ஆண்டெனாவிலும் அதிகபட்சச் சக்தியைக் கடத்துவதற்கான விதி. இங்கே நமக்கு வேண்டியது சுருளைச் சிரமப்படுத்தாமல் தேவையான மில்லிவோல்ட்டை எடுப்பது மட்டும்.

சுமை எவ்வளவு இருக்க வேண்டும் என்றால், சுருளைப்போல் பத்து மடங்கு என்பது பலரும் சொல்லும் வாய்பாடு. டிஎல்-103-க்கு அது 400 ஓம். 1:10 கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கிறது. நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை. மூன்று மடங்கு வரை இறங்கினாலும், டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருந்தால், காது குறை சொல்லாது. ஆகவே டிஎல்-103-க்கு 1:10-இலிருந்து 1:20 வரை எதுவும் சரி என்பேன். போனோ உள்ளீடு சத்தமில்லாமல் ஓடக்கூடியதென்றால் 1:10, கொஞ்சம் மந்தமானதென்றால் 1:20. 10 ஓம் அருகே நிற்கும் இன்றைய கார்ட்ரிட்ஜ்களுக்கு 1:20 இயல்பாக அமைந்துவிடுகிறது: ஆடியோ-டெக்னிகாவின் ஏடி33பிடிஜி/2-இல் 10 ஓம், 0.3 மில்லிவோல்ட், 1:20-ல் 5.5 மில்லிவோல்ட் வரும், சுமையோ சுருளைப்போல் பன்னிரண்டு மடங்கு.

வெளியீட்டு எண்ணை ஒப்பிடும்போது ஒரு சூட்சுமம். எல்லா நிறுவனமும் ஒரே வேகத்தில் அளப்பதில்லை. ஊசி நொடிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்தில் ஆடும்போது கிடைப்பதைச் சிலர் சொல்வார்கள், 3.54 சென்டிமீட்டரில் கிடைப்பதைச் சிலர். இரண்டுக்கும் இடையே 3 டெசிபெல். 3.54-ல் 0.3 மில்லிவோல்ட் என்று போட்டிருந்தால், 5-ல் அது 0.42. அத்தோடு இது சோதனைத் தட்டின் சுரத்துக்கான அளவு. உண்மையான இசைத்தட்டில் உரத்த இடங்கள் இதைப்போல் நான்கைந்து மடங்கு போகும். 7.5 மில்லிவோல்ட் வாங்கும் போனோ உள்ளீடு, அந்தக் கணங்களில் 35 மில்லிவோல்ட்டுக்கு மேல் தாங்க வேண்டும். பெரும்பாலானவை தாங்கும். மலிவான சில தாங்காமல் கரகரக்கும், பழி இசைத்தட்டின் மேல் விழும்.

தொடக்கத்தில் சொன்ன மங்கலுக்கு வருகிறேன். டிரான்ஸ்ஃபார்மர் மின்தடையை மட்டும் அப்படிக் காட்டுவதில்லை. மின்தேக்குத் திறனையும், அதாவது கேபிளும் உள்ளீடும் மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் அளவையும், காட்டும், ஆனால் வகுத்து அல்ல, பெருக்கி. டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே ஒரு மீட்டர் கேபிள் 100 பிக்கோஃபாரட், உள்ளீட்டில் ஒரு 200 என்று 300 வைத்துக்கொண்டால், 1:40 வழியே அது 1600 மடங்காகி, கார்ட்ரிட்ஜின் கண்ணுக்கு அரை மைக்ரோஃபாரட் அளவுக்குப் பூதாகரமாக நிற்கும். 40 ஓம் சுருளும் 29 ஓம் சுமையும் சேர்ந்து இதை 19, 20 கிலோஹெர்ட்ஸ் அருகிலேயே 3 டெசிபெல் சரித்துவிடும். சரிவு அதற்கு வெகு முன்பே ஆரம்பித்திருக்கும். அதே கேபிள், அதே கார்ட்ரிட்ஜ், 1:20 என்றால் சரிவு 44 கிலோஹெர்ட்ஸுக்கு விலகிப் போகிறது. 1:10-ல் 140-க்கும் மேல். 2 ஓம் எஸ்பியூவுக்கு 1:40-லும் கவலையில்லை, 170-ஐத் தாண்டும். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பிந்தைய கேபிள் குட்டையாகவும் குறைந்த மின்தேக்குத் திறனோடும் இருக்க வேண்டும் என்று வல்லுநர்கள் அடித்துச் சொல்வது இதனால்தான். எத்தனை ஆயிரம் ரூபாய் கேபிள் என்பதைவிட எத்தனை பிக்கோஃபாரட் என்பது முக்கியம்.

நிஜ டிரான்ஸ்ஃபார்மரில் இன்னொன்றும் உண்டு. துணைச் சுருளின் கசிவுத் தூண்டலும் (ஒரு சுருளின் காந்தப்புலத்தில் மற்றதை எட்டாமல் கசியும் பங்கால் வருவது) இந்த மின்தேக்குத் திறனும் சேர்ந்து, கேட்கும் எல்லைக்கு மேலே எங்காவது மணி போல ஒலிக்கும். மேல்ஸ்தாயியில் காரம் தூக்கலாக இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். துணைச் சுருளின் குறுக்கே ஒரு ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் தொடராக இணைத்து அதை அடக்குவார்கள். ஜென்சன், லுண்டால் போன்ற நிறுவனங்கள் தங்கள் டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு எந்தச் சுமை ஏற்றது என்று தாங்களே சொல்லிவிடுகின்றன. அதை மீறிப் பரிசோதனை செய்வதற்கு முன் அவர்கள் சொன்னதைச் செய்து பார்ப்பது நல்லது.

கீழ்ஸ்தாயியின் தலையெழுத்து முதன்மைச் சுருளின் தூண்டல் எண்ணிடம், அதாவது மின்னோட்டம் மாறுவதை அந்தச் சுருள் எவ்வளவு எதிர்க்கிறது என்பதிடம். '3 ஓம்' என்று எழுதிய பெட்டியை 40 ஓம் கார்ட்ரிட்ஜோடு மாட்டினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இங்கேதான் முழு விடை. 3 ஓமுக்காகச் சுற்றப்பட்ட முதன்மைச் சுருளில் சுற்றுகள் குறைவு, ஆகவே தூண்டலும் குறைவு. உதாரணத்துக்கு 0.1 ஹென்றி என்று வைத்தால், 3 ஓம் கார்ட்ரிட்ஜுக்கு அடிச்சரிவு, அதாவது கீழ்ச் சுரங்கள் மெலியத் தொடங்கும் இடம், 5 ஹெர்ட்ஸுக்கும் கீழே போய்விடும், யாரும் கவனிக்கமாட்டார்கள். 40 ஓம் கார்ட்ரிட்ஜை மாட்டினாலோ அது 50 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறி வரும், டபுள் பாஸின் அடித்தந்தி மெலிந்துவிடும். ஆகவே பெட்டியின் மேல் இருக்கும் எண்ணை முழுதாக அலட்சியம் செய்யவும் கூடாது.

தூண்டல் போதுமான அளவு வர, உள்ளகம் சாதாரண இரும்பாக இருந்தால் போதாது. ஏறக்குறைய 80 சதவீதம் நிக்கல் கலந்த பெர்மலாய், மியூமெட்டல் வகை உலோகம் வேண்டும். மிகச் சிறிய காந்தப்புலத்துக்கும் உடனே இணங்குவது அதன் குணம். அந்தக் குணமே அதன் பலவீனமும். கீழே போட்டு அடிபட்டால் இணக்கம் குறையும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துச் சுருளைத் தொட்டால், மீட்டர் அனுப்பும் நேர் மின்னோட்டம் உள்ளகத்தைக் காந்தமாக்கிவிடும். சுருள் அறுந்திருக்கிறதா என்று பார்க்க நினைக்கும் ஆர்வலர் கை முதலில் போவது மல்டிமீட்டருக்குத்தான். கார்ட்ரிட்ஜையும் அப்படி அளக்காதீர்கள். மயிரிழைக் கம்பிக்கு மீட்டரின் மின்னோட்டம் அதிகம்.

இரைச்சலைப் பற்றிச் சுருக்கமாக. 40 ஓம் சுருள், அறை வெப்பத்தில் இருப்பதாலேயே, 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 0.11 மைக்ரோவோல்ட் இரைச்சலைத் தானாக எழுப்பும். 0.3 மில்லிவோல்ட் இசைக்கு அது 68 டெசிபெல் கீழே. நல்ல டிரான்ஸ்ஃபார்மர் இதன்மேல் தன் கம்பிகளின் சிறு மின்தடையால் மட்டுமே கூட்டும். உறுமல் வேறு சங்கதி: அருகில் இருக்கும் மின்சார டிரான்ஸ்ஃபார்மரின் புலத்தை இது பிடித்துக்கொள்ளும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து தள்ளி வைத்து, பெட்டியைக் கையால் மெதுவாகத் திருப்பிக்கொண்டே கேளுங்கள். ஒரு கோணத்தில் உறுமல் சட்டென்று அடங்கும். அதுதான் அதற்கான இடம், அலமாரியில் அழகாக இருக்கிறதோ இல்லையோ.

பழைய சாமான் வாங்கும்போது விகிதமே தெரியாத, எழுத்து அழிந்த பெட்டிகள்தான் மலிவாகக் கிடைக்கும். அவற்றைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கைபேசியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து 400 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நேர் மின்னோட்டம் உள்ளே போகாமலிருக்கத் தொடரில் 10 மைக்ரோஃபாரட் துருவமில்லாக் கெப்பாசிட்டர் ஒன்று, பிறகு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதிலிருந்து பூமிக் கம்பிக்கு 39 ஓம். அந்த 39 ஓமின் குறுக்கே முதன்மைச் சுருளை இணைத்தால், டிரான்ஸ்ஃபார்மர் தன்னிடம் வந்திருப்பது ஒரு டிஎல்-103 என்றே நம்பும். கைபேசி 500 மில்லிவோல்ட் தருகிறதென்றால் 39 ஓமின் குறுக்கே 1.94 மில்லிவோல்ட் இருக்கும். துணைச் சுருளில் வேறெதையும் மாட்டாமல், ஏசி மில்லிவோல்ட் படிக்கும் மீட்டரை வையுங்கள். 19.4 காட்டினால் 1:10. 39 காட்டினால் 1:20. சுரத்தை நிறுத்தியதும் மீட்டர் சுழிக்கு அருகே வர வேண்டும். வராவிட்டால் நீங்கள் அளந்தது வீட்டு மின்சாரத்தின் உறுமலை.

பிறகு சுரத்தை 40 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். மீட்டர் பழைய எண்ணிலேயே நின்றால் முதன்மைச் சுருளில் தூண்டல் போதுமானது. நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்துவிட்டதென்றால் அது 3 ஓம் ரகத்துக்காகச் சுற்றிய பெட்டி. டிஎல்-103-ஐ விட்டுவிட்டு, ஒரு எஸ்பியூ கைக்கு வரும்வரை அதை எடுத்து வையுங்கள்.